அட்சயாவா, அக்ஷயாவா? பெயரைப் பதியுமுன் ஓர் ஆலோசனை

கேள்வி: ஐயா, நான் சுன்னாகத்தில் வசிக்கிறேன். எனக்கு முதற்பிள்ளை பெண்ணாகப் பிறந்து இன்றைக்குப் பத்தொன்பது நாட்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவோடு பெயர் வைக்க இருக்கிறோம். பெயரில் எல்லோருக்கும் சம்மதம், எழுத்தில்தான் இழுபறி. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் மாமா ‘அட்சயா’ என்றே எழுத வேண்டும் என்கிறார். என் கணவருக்கு ‘அக்ஷயா’தான் சரியாகப் படுகிறது. பதிவைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் ஒருவர், ‘அக்சயா என்று போடுங்கோ, அதுதான் லேசு’ என்றார். ஆங்கில எழுத்தில் இன்னும் குழப்பம். ஒஸ்லோவில் இருக்கும் மச்சாள், ‘வை’ எழுத்தை விட்டு ‘ஜே’ போடச் சொல்கிறா. எண்சோதிடம் பார்ப்பவர், கடைசியில் இன்னுமொரு ‘ஏ’ சேர்த்தால் 6 வரும், அதுவே நல்லது என்கிறார். இதற்கிடையில் என் கணவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ‘றஜீவன்’ என்றும் அடையாள அட்டையில் ‘ரஜீவன்’ என்றும் இருக்கிறது. இது பிள்ளையின் பத்திரங்களைப் பாதிக்குமா? எந்த எழுத்து சரி என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக நான் கச்சேரி என்று நாம் சொல்லும் மாவட்டச் செயலகத்தின் அருகில் நீண்ட காலம் இருந்து வருகிறேன். ஒரு பெயரின் எழுத்து இருபது வருடங்கள் கழித்து என்ன வேலை காட்டும் என்பது என் மேசைக்கு நாள்தோறும் வந்து சேருகிறபடியால், எந்த எழுத்து சரி என்று கேட்டிருக்கும் உங்கள் கேள்வியை, எந்த எழுத்தைப் பதிவது என்று சற்றே மாற்றி வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். முதற்கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. இரண்டாவதற்கு ஒன்றுதான் இருக்கலாம். என் விடையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: தமிழில் ‘அட்சயா’ என்று பதியுங்கள், ஆங்கிலத்தில் ஏ, கே, எஸ், எச், ஏ, வை, ஏ என்ற ஏழு எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை வீட்டில் நாலு பேருக்கு நீங்கள் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும் என்பதால் காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

இந்தப் பெயர் வடமொழியில் ‘குறைவில்லாதவள், தேயாதவள்’ என்ற பொருளுடையது. அதன் நடுவே நிற்கும் கூட்டெழுத்தான க்ஷ, தமிழுக்குள் வரும்போது ஒரே வழியாக வரவில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த முறைப்படி அது இரட்டைக் ககரமாகும். பக்ஷம் பக்கமானதும் லக்ஷ்மி இலக்குமியானதும் அந்த வழியில்தான். அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் உங்கள் பிள்ளை ‘அக்கயா’ ஆகிவிடுவாள். நல்லூர் ஆறுமுக நாவலர் அந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதி அச்சிட்டு அதை இவ்வூர்ப் பிள்ளைகளின் பாடமாக்கியவர் என்றாலும், தம்பி தங்கைகள் பிறந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று விளங்காத ஒரு பெயரை அவருமே விரும்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இரண்டாவது வழி, க்ஷவை ட்ச ஆக்குவது. பட்சி, தட்சணை, அட்சதை, இலட்சம், கிறிஸ்தவர்கள் சொல்லும் இரட்சகர், இவற்றோடு நம் பாட்டிமாரின் பெயர்களான மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி எல்லாம் இவ்வழியே வந்தவை. மூன்றாவது வழி, கிரந்த எழுத்தை வைத்துக்கொண்டு அப்படியே எழுதுவது.

இவற்றுள் ட்ச எவ்வாறு இவ்வளவு இயல்பாகத் தமிழில் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஓர் இலக்கணக் காரணம் உண்டு; அது உங்கள் மாமனாருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். தமிழ்ச் சொல்லின் நடுவில் க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தம்மோடு தாமே மயங்குமேயன்றி வேறு மெய்யோடு சேர்ந்து நில்லா. ஆனால் ட், ற் என்பவற்றின் பின்னால் க, ச, ப வருவதற்குத் தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. ஆட்சி, காட்சி, மாட்சி, நீட்சி என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களெல்லாம் அந்த இடத்தில் பிறந்தவை. ஆகவே ‘அட்சயா’ என்று எழுதும்போது பெயர் வடமொழியில் பிறந்ததாயினும் அதன் எலும்புக்கூடு முழுவதும் தமிழாகிவிடுகிறது. மாறாக, லேசென்று உங்களுக்குச் சொல்லப்பட்ட ‘அக்சயா’வில் ககர மெய்யின் பின் சகரம் நிற்கிறது. இது தமிழிலக்கணத்துக்கும் ஒவ்வாது, வடமொழி ஒலிப்புக்கும் ஒவ்வாது. ட்ச என்பதில் சகரம் ‘ஆட்சி’யில் போல வல்லோசை பெறும், க்ச என்பதிலோ அது ஸகரமாக நழுவி ‘அக்ஸயா’ என்று ஒலிக்கும். அந்த ஒலியை உங்கள் வீட்டில் ஒருவரும் விரும்பிக் கேட்கவில்லை. கிரந்தத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஷ இருந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ச போடுவது கடந்த நாற்பது வருடங்களாக இங்கு பரவியிருக்கும் பழக்கம். எண்ணம் நல்லது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தமிழுக்குள் ஏற்கெனவே எந்தப் பாதையில் வந்திருக்கிறது என்று பார்த்த பின்பே அதைச் செய்ய வேண்டும்.

உங்கள் கணவர் கேட்கும் ‘அக்ஷயா’ பிழையன்று. மூலச் சொல்லில் உள்ளது க், ஷ் ஆகிய இரண்டுமே என்பதால் ஒலியளவில் அதுவே நெருக்கமானது. இவ்விடத்தில் ஒரு சிறு விலகல்: கிரந்தம் போட்டால் பெயர் மூலத்துக்கு நெருங்கிவிடும் என்ற நம்பிக்கை எல்லாப் பெயர்களுக்கும் பொருந்தாது. ‘தர்ஷினி’ என்று ஷகரத்தோடு எழுதுவதே சரியென்றும் ‘தர்சினி’ என்பது நாட்டுப்புறத்துப் பிழையென்றும் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த வடசொல்லில் இருப்பது ஷகரமன்று, தரிசனம் என்ற சொல்லில் நாம் சகரமாக ஏற்றுக்கொண்ட வேறோர் எழுத்து. எனவே தர்சினியே மூலத்துக்கு அருகில் நிற்கிறாள். இதே போல ஹரிணி, ரோகிணி, ருக்மிணி என்பவற்றில் மூன்றுசுழி ணகரம் வருவதும் மாலினி, நளினி, பத்மினி என்பவற்றில் இரண்டுசுழி னகரம் வருவதும் எழுதுபவரின் விருப்பமன்று. முன்னால் ரகரமோ ஷகரமோ நிற்பதனால் பின்னால் வரும் னகரம் ணகரமாகும் வடமொழி விதியின் விளைவு. உங்கள் பிள்ளையின் பெயருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதில் நீங்கள் ஆறுதல் கொள்ளலாம்.

அக்ஷயாவுக்கு எதிராக நான் சொல்லக்கூடியது இலக்கணம் சார்ந்ததன்று, கணினி சார்ந்தது. க்ஷ என்ற எழுத்துக்கு, கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யுனிகோடில் தனியிடம் இல்லை. அது ககரம், புள்ளி, ஷகரம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துத் தட்டும்போது திரையில் ஒன்றாகச் சேர்ந்து தெரியும் ஓர் உருவம். சேராமல் பிரித்துக் காட்ட விரும்புவோர் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிகுறியைச் செருகலாம். சில விசைப்பலகைகள் கேட்காமலே அதைச் செருகிவிடும். கடதாசியில் பார்க்கும் உங்களுக்கு இரண்டும் ஒரே பெயர். தேடும் கணினிக்கோ அவை இரண்டு பெயர்கள். ‘ஸ்ரீ’ எழுத்திலும் இதே தொல்லை உண்டு: அதை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், 2005இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் தட்டலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இதனோடு, பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றும்போது இத்தகைய எழுத்துகளில்தான் அதிகமாகச் சிதைவு ஏற்படக் கண்டிருக்கிறேன். ‘அட்சயா’வில் இதற்கெல்லாம் இடமேயில்லை. அ, ட், ச, யா என்ற நான்கும் தரம் ஒன்றுப் பிள்ளை எழுதக்கூடிய எழுத்துகள். விஜயதசமியன்று ஏடு தொடக்கியபின் உங்கள் மகள் முதன்முதலில் எழுதப் பழகும் சொல் அவளுடைய பெயராகவே இருக்கும் என்பதையும் உங்கள் கணவர் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். உங்களுடைய உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ப் பெயரை எழுதச் சட்டம் வகுத்த முறை எதுவும் நம்மிடம் இல்லை. பழக்கங்கள்தான் உண்டு, அவையும் ஊருக்கு ஊர் மாறும். தந்தை செல்வா என்று நாம் சொல்லும் செல்வநாயகம் அவர்கள் தம் பெயரைச் ‘சீ, எச்’ எழுத்துகளில் தொடங்கி, நாயகத்தின் நடுவில் ‘கே’ எழுத்தை வைத்து எழுதினார். தமிழகத்தில் அதே பெயர் பெரும்பாலும் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கி ‘ஜீ’ எழுத்தோடு நடக்கும். ஆனந்த குமாரசுவாமி ‘சீ’ எழுத்தில் தொடங்கி இரட்டை ‘ஓ’ போட்டார். வட மாகாணத்தின் முதலாவது முதலமைச்சர் விக்னேஸ்வரன் அவர்களின் பெயர் ‘வீ’யில் அல்லாது ‘டபிள்யூ’வில் தொடங்குகிறது. இவற்றில் எது சரி, எது பிழை என்று யாரும் வழக்காடுவதில்லை. அவர்கள் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டதை இறுதிவரை விடாமல் எழுதினார்கள், அவ்வளவுதான். தமிழிலும் அப்படியே: விபுலாநந்த அடிகளாரின் பெயரின் நடுவில் தந்நகரமா றன்னகரமா என்று அறிஞர்கள் இன்னும் இரண்டு விதமாகவே எழுதுகிறார்கள், அடிகளாருக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடவில்லை. ஆனால் அவருக்கு விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் டகர மெய்க்கு ‘டீ’ (D) எழுத்தைப் போடுவது வழமை. வட்டுக்கோட்டையின் பெயர்ப்பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு இடத்திலும் இரட்டை ‘டீ’. அந்த வழக்கப்படி எழுதினால் அட்சயா, ஏ, டீ, சீ, எச், ஏ, வை, ஏ ஆகும். இங்கே இவ்வாறு எழுதும் அட்சயாக்களும் அட்சயன்களும் ஏராளம். நம்மவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியும். வெளியில் போனால் அந்த ‘டீ, சீ, எச்’ கூட்டம் ஒருவருக்கும் பிடிபடாது. பிரெஞ்சுக்காரர் ‘சீ, எச்’ கண்டால் ஷகரமாக வாசிப்பார். ஜேர்மனியர் தொண்டையிலிருந்து வரும் ஹகரம் போன்ற ஒலியாக வாசிப்பார். இன்னொரு யாழ்ப்பாணத்துச் சுருக்கம் க்ஷவுக்கு ‘எக்ஸ்’ போடுவது. லக்ஷ்மி, லக்ஷ்மன் எல்லாரும் இங்கே ‘எக்ஸ்’ போட்டே பழகிவிட்டார்கள். கையெழுத்துக்கு அழகாக இருக்கும் என்பதற்கு மேல் அதற்கு நான் நியாயம் காணவில்லை. ‘கே, எஸ், எச்’ என்பது சற்று நீளமானாலும், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த எவரும் ஏறத்தாழ சரியாகவே சொல்லிவிடுவார்.

அப்படியானால் தமிழில் டகரம், ஆங்கிலத்தில் ககரமா, இரண்டும் பொருந்தவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நானும் அதை என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு மீனாட்சியே சாட்சி. மீனாட்சியைத் தமிழில் டகரத்தோடு எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ‘கே, எஸ், எச்’ போட்டே பெரும்பாலும் எழுதுகிறோம். அது இரண்டு பெயர் என்று எவரும் சொல்வதில்லை, ஏனெனில் ஒரே வடசொல் இரண்டு மொழிகளில் இரண்டு வழியாகப் போயிருக்கிறது. அட்சயாவுக்கும் அதே நியாயம் உண்டு. என்னிடம் ஒருவர் அட்சயா என்ற சான்றிதழைக் கொண்டுவந்து ‘கே, எஸ், எச்’ போடும்படி கேட்டால் நான் தயங்காமல் போடுவேன். ஆனால் எழுத்துக்கு எழுத்து மாற்றும் வேறொரு மொழிபெயர்ப்பாளர், உங்களிடம் கேளாமலே ‘டீ’ போட்டுவிடக் கூடும். அதுவும் அவருடைய பக்கத்தில் குற்றமாகாது. ஆகவே முதலாவது மொழிபெயர்ப்பைச் செய்விக்கும் நாளில் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்துகளில் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அந்த மொழிபெயர்ப்பின் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து, அதன்பின் எங்கே போனாலும், பாடசாலை அனுமதி, தடுப்பூசிப் புத்தகம், வங்கிக் கணக்கு எதுவானாலும், அதைப் பார்த்தே எழுதுங்கள். பிறப்பைப் பதியும் படிவத்திலேயே ஆங்கிலப் பெயருக்கு இடம் விடப்பட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம், அங்கேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் மச்சாள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. நோர்வேஜிய மொழியில் ‘ஜே’ எழுத்துக்கு யகர ஒலி. ‘வை’ எழுத்து அங்கே ஓர் உயிரெழுத்து, உதட்டைக் குவித்துச் சொல்லும் இகரம் போன்றது. ஜேர்மனியிலும் ‘ஜே’ யகரந்தான். இங்கிருந்து போன ஜனனிகள் பலர் அங்கே ‘யனனி’களாகத்தான் அழைக்கப்படுகிறார்கள். ஆகையால் அவரது மருமகளை ஒஸ்லோவில் எல்லோரும் சரியாகக் கூப்பிட வேண்டும் என்ற அன்பில் அவர் சொன்னது. ஆனால் பிள்ளை பிறந்தது சுன்னாகத்தில். ‘ஜே’ போட்ட அந்த எழுத்தை இங்குள்ள ஆசிரியரும் கொழும்பில் உள்ள அலுவலரும் லண்டனில் உள்ள சித்தப்பாவும் ‘அக்ஷஜா’ என்றே வாசிப்பார்கள். நாளைக்கு அவள் போகக்கூடிய நாட்டை இன்றைக்கே ஊகித்து அந்நாட்டு உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்துக் கூட்டுவது, வளரும் பிள்ளைக்கு முன்கூட்டியே சப்பாத்து வாங்கி வைப்பது போலாகிவிடும். அவள் நோர்வேக்கே போனாலும் தன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு தரம் சொல்லிக் கொடுத்தால் அங்குள்ளவர்கள் பழகிக்கொள்வார்கள்.

எண்சோதிட விடயத்தில் உங்கள் நம்பிக்கையை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் கணக்கை மட்டும் உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன். நம்மூரில் வழங்கும் அட்டவணைப்படி ஏ 1, கே 2, எஸ் 3, எச் 5, வை 1. எனவே நான் சொல்லும் ஏழு எழுத்துகளின் கூட்டுத்தொகை 14, அதாவது 5. இன்னுமொரு ‘ஏ’ சேர்த்தால் 15, அதாவது 6. அவர் கேட்பது அதுதான். ஆனால் மேல்நாட்டில் பெருவழக்கான மற்ற அட்டவணையில் எழுத்துகளை வரிசையாக ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிக்கொண்டு போவார்கள். அதன்படி அதே ஏழு எழுத்துகள் 21, அதாவது 3 ஆகின்றன. ‘ஏ’ சேர்த்தால் 22, அதாவது 4. எந்த அட்டவணை உங்கள் பிள்ளையை அறியும் என்று என்னால் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமானது, இரண்டு அட்டவணைகளும் ஆங்கில எழுத்தைத்தான் எண்ணுகின்றன. பதிவேட்டில் மூலமாக நிற்கப்போகும் பெயரோ தமிழில் இருக்கிறது. கடைசியில் நிற்கும் இரண்டாவது ‘ஏ’ வாசிப்பவருக்கு ஒரு வேலையும் செய்வதில்லை என்பதால் எழுதுபவர்கள் அதை விட்டுவிடுவார்கள். ஓரிடத்தில் ஓர் ‘ஏ’, இன்னோரிடத்தில் இரண்டு ‘ஏ’ என்று பத்திரங்கள் பிரிந்துவிட்டால், கடவுச்சீட்டுக்கும் விமானச்சீட்டுக்கும் இடையில் அந்த ஒற்றை எழுத்துக்காக நீங்கள் விளக்கம் சொல்ல நேரும். பலன் வேண்டுமானால் வீட்டில் அவளுடைய கொப்பிகளில் அப்படி எழுதிக்கொள்ளட்டும்.

உங்கள் கணவரின் பெயருக்கு வருகிறேன். இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில் வைத்திருந்தாலும் என் பார்வையில் இதுவே முதலில் கவனிக்க வேண்டியது. நம்மிடத்தில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் பெயர் நிற்கிறது. வெளிநாடு போனால் அதுவே குடும்பப் பெயராகிவிடுகிறது. ஆகவே றஜீவனா ரஜீவனா என்ற கேள்வி உங்கள் மகளுடைய பெயரின் ஒரு பாதியைப் பற்றிய கேள்வி.

இந்த இரண்டு ரகரங்களும் யாழ்ப்பாணத்தில் எவ்வாறு குழம்பின என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நாக்கு நுனியை அண்ணத்தின் முன்பக்கத்தில் வைத்துச் சொல்லும் ‘ரீ’ (T) எழுத்தின் ஒலியை நாம் இங்கே ரகரத்தால் எழுதுகிறோம். ரீச்சர், ரிக்கெற், ரெலிபோன் என்றெல்லாம் எழுதுவது அதனால்தான். தமிழகத்தார் டீச்சர், டிக்கெட் என்பார்கள். ரகரத்தை இவ்வாறு வேறு வேலைக்கு விட்டுவிட்டபடியால், உண்மையான ரகர ஒலியை எழுத நமக்கு றகரம் தேவைப்பட்டது: றேடியோ, றோட்டு, றமணன், றஜீவன். வெளியூர்க்காரர் இதைப் பிழையென்று நினைப்பார்கள். றகரமோ ரகரமோ தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது, ‘இரா’ என்று தொடங்குவதே மரபு என்று உங்கள் மாமனார் சொல்லக்கூடும், அதுவும் சரியே. ஆனால் உங்கள் கணவரின் பெற்றார் பதிவாளரிடம் றகரத்தோடு எழுதினார்கள். அவர் அந்தப் பெயரோடுதான் சட்டத்தின் முன் நிற்கிறார்.

எனவே பிள்ளையின் பதிவில் தகப்பனாரின் பெயரை, அவருடைய பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே ‘றஜீவன்’ என்று கொடுங்கள். உங்கள் விவாகச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்பதையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அடையாள அட்டையில் உள்ள ரகரத்தைப் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திய அட்டைக்குப் பிரதேச செயலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். அது வந்து சேரும்வரை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருந்தால் அவசரத்துக்கு உதவும். நல்ல வேளையாக, ஆங்கிலத்தில் இரண்டு ரகரத்துக்கும் ‘ஆர்’ ஒன்றே. ஆனால் ‘ஜீ’ என்ற நெடிலுக்கு அவர் ஓரிடத்தில் இரட்டை ‘ஈ’யும் இன்னோரிடத்தில் ஒற்றை ‘ஐ’யும் போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளதையே பிள்ளைக்கும் எடுத்துக்கொள்வது சிறந்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டுச் சம்பவமும் ஒரு காரணம். என் தகப்பனார் பள்ளிப் பதிவேட்டில் இராசரத்தினம். வேலைப் பத்திரங்களில் ராஜரட்ணம். உயிரோடிருந்த காலத்தில் இரண்டும் ஒரே ஆள் என்பதை அவருடைய முகமே காட்டியது. அவர் காலமான பின் அம்மாவின் ஓய்வூதியக் கோவை ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் அசையாமல் கிடந்தது. எந்தப் பெயர் சரி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஏன் இரண்டு என்றுதான் கேட்டார்கள்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவித்துப் பதிய வேண்டும். நீங்கள் முப்பத்தோராம் நாள் பெயர் வைத்தாலும் இடையில் பதினொரு நாட்கள் மிஞ்சும். வீட்டில் இழுபறி முடிய அது போதும். அதற்குள் முடியாவிட்டால், பெயரை விட்டுப் பிறப்பை மட்டும் பதிந்து, பின்னர் பெயரைச் சேர்ப்பதற்கும் அதே சட்டத்தில் வழியுண்டு. பதிந்த பெயரை மாற்றுவதற்கும் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஆயினும் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற துணிவில் அரைமனதோடு ஓர் எழுத்தைப் பதிய வேண்டாம். திருத்தத்துக்கு முன் கொடுத்த பிரதிகள் எங்கெங்கே கோவைக்குள் போய்ச் சேர்ந்தன என்று ஒருவராலும் பின்தொடர முடியாது. ‘அட்சயாஸ்ரீ’ என்றோ வேறெதையோ சேர்த்துப் பெயரை நீட்டும் யோசனை வந்தால் அதையும் தவிருங்கள். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரியில் மொத்தம் 44 இடங்களே உள்ளன. அவற்றில் முழுப் பெயருக்கும் கிடைப்பது 39. சிவசுப்பிரமணியத்தாரின் மகன் பாலசுப்பிரமணியம் என்றால் அவர்கள் அங்கே எவ்வளவு நெருங்கி நிற்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மகளுக்கு அந்த நெருக்கடி இல்லை.

பதிவுக்குப் போகும்போது பிள்ளையின் பெயர், தகப்பனாரின் பெயர், உங்கள் பெயர் மூன்றையும் ஒரு கடதாசியில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் கேட்பவர் தமக்குப் பழகிய எழுத்தையே எழுதுவார். கையொப்பமிடுமுன் எழுதப்பட்டதை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். டகரத்தின் மேல் புள்ளி இருக்கிறதா, யகரத்துக்குக் கால் இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி விடுபட்டு ‘அடசயா’வாகவும், கால் விடுபட்டு ‘அட்சய’வாகவும் பதிந்து வந்தவர்களுக்கு நான் மொழிபெயர்ப்புச் செய்து கொடுத்திருக்கிறேன். உங்கள் கணவருக்கு அன்று வேலை நாளாக இருந்தால் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் புள்ளி வைத்தவரின் கண்ணுக்கு அது தப்பாது.